நான்காம் கட்டத்துக் கழுதை

செத்தவர்களை வைத்துப் பிழைக்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் சிலர் உண்டு. கபுர் வெட்டுகிறவர், கத்தம் ஓதுகிறவர், கத்தத்துக்குச் சோறு ஆக்குகிறவர். யுத்தம் முடிந்து சில வருடங்களில் நானும் அந்த வரிசையில் சேர்ந்தேன். தொல்லியலில் சிறப்புப் பட்டம் எடுத்துவிட்டு, புத்தளம் டவுனில் ஒரு கடையில் போட்டோக் கொப்பி அடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஒருநாள் எனக்குப் படிப்பித்த பேராசிரியர் போன் எடுத்தார். புத்தளத்துக்கு வடக்கே, காடும் கடலும் முட்டிக்கொள்ளும் இடத்தில், பழைய கல்லறைகள் வெளிப்பட்டிருக்கின்றன, உதவியாளராக வரமுடியுமா என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் போட்டோக் கொப்பி மெசினை நிறுத்திவிட்டேன்.

உம்மாவிடம் சொன்னபோது அவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன வேல மகள்?"

"பழைய காலத்துக் கபுர் தோண்டுற வேல."

"எவ்வளவு பழசு?"

"ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல."

உம்மா கத்தியை நிறுத்தி யோசித்தார். "அப்ப சொந்தக்காரங்க வந்து சண்ட பிடிக்க மாட்டாங்க" என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த அனுமதி.

இந்த விடயத்தில் உம்மாவின் கணிப்பு முழுக்கப் பிழையாகிவிட்டது. முதல் கிழமையிலேயே சொந்தக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். காரில் ஒரு பிக்கு வந்து குழிகளைச் சுற்றிப் பார்த்து, இவர்கள் தீவின் ஆதிக் குடிகள், ஆகவே எங்கள் ஆட்கள் என்றார். தமிழ் ஊரான உடப்புப் பக்கமிருந்து கோவில் நிர்வாகத்தினர் வான் பிடித்து வந்து, பானைகளைப் பார்த்துக் கண்கலங்கி, இவை சந்தேகமில்லாமல் எங்கள் ஆட்கள் என்றார்கள். எங்கள் பள்ளிவாசலிலிருந்து வந்தவர்கள் மட்டும் உரிமை கோரவில்லை. தலை எந்தத் திசையில் கிடக்கிறது என்று ஒருவர் கேட்டார். பானைக்குள் கிடக்கிறது என்றேன். பானைக்குள் கிடப்பவர் எங்கள் ஆளாக இருக்க முடியாது என்று அவர் முகத்தில் பெரிய நிம்மதி வந்தது. பேராசிரியர் சிங்களவர். தமிழ் அவருக்கு நன்றாக விளங்கும், ஓரளவு பேசவும் வரும். எல்லோருக்கும் அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார். "பழைய ஆக்கள். நல்ல ஆக்கள். நிழலில இருங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

இடம் ஒன்றும் பார்க்க அழகானதில்லை. வெள்ளை மணல், முள்ளுப் பற்றை, பக்கத்தில் சீசனுக்கு மட்டும் மீனவர் வந்து தங்கும் ஒரு மீன் வாடி. காற்று தொடங்கினால் பாணில் மணல், சம்பலில் மணல், பல்லிடுக்கில் மணல். அந்த மணலுக்குக் கீழே, ஓர் ஆள் குந்தியிருக்கக்கூடிய அளவுப் பானைகளுக்குள், எலும்பாகச் சிலர் இருந்தார்கள். தாழி என்பது அந்தப் பானைக்குப் பெயர். வேறு சிலருக்குத் தாழி கிடைக்கவில்லை. வெறும் குழியில், தலைமாட்டில் இரண்டொரு சட்டிகளுடன் நீட்டி நிமிர்ந்து கிடந்தார்கள்.

எங்கள் வேலை, இவர்களில் யார் முந்தி, யார் பிந்தி என்று கண்டுபிடிப்பது. செத்தவர்கள் திகதி எழுதி வைக்கவில்லை. அதனால் கல்லறையைத்தான் கேட்க வேண்டும். ஒரு குழி இன்னொரு குழியை வெட்டிக்கொண்டு போயிருந்தால், வெட்டியது பிந்தியது. இது யாருக்கும் விளங்கும். மற்ற வழி சட்டிப் பானையின் விளிம்பு. கல்யாண அல்பத்தில் சட்டைக் கையைப் பார்த்து, இது மாமியின் கல்யாணம், இது ராத்தாவின் கல்யாணம் என்று சொல்கிறோம் அல்லவா, அதே வேலைதான். பானைக்கும் காலத்துக்குக் காலம் மோஸ்தர் மாறும். நான் நாள் முழுக்கத் தகரக் கொட்டகைக்குள் இருந்து, கறுப்பும் சிவப்புமான ஓட்டுத் துண்டுகளை விளிம்பு விளிம்பாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பேராசிரியரிடம் ஏற்கெனவே ஒரு விடை தயாராக இருந்தது. கொட்டகைத் தகரத்தில் சோக்கட்டியால் மூன்று கட்டங்களை எழுதி வைத்திருந்தார். முதலாம் கட்டம் வெறும் குழி. இரண்டாம் கட்டம் தாழி. மூன்றாம் கட்டம் கல் மூடி போட்ட தாழி.

"மனுசன் முன்னேறுறான், நங்கி" என்றார். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி. "முதல்ல குழி. பிறகு பானை. பிறகு பானைக்கு மூடி."

"அப்ப நாங்க இன்னும் முதலாம் கட்டத்திலயா சேர்? எங்கட ஆக்கள இப்பவும் வெறும் குழியிலதான் வைக்கிற."

அவர் சோக்கட்டியால் தகரத்தில் ஒருமுறை தட்டினார். "நாங்க பெட்டியில வைக்கிறோம்" என்றார். "ஒன்றரைக் கட்டம் எண்டு வைங்களேன்."

நல்ல மனிதர். கட்டாக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. ஆனால் அந்த மூன்று கட்டங்களில் மட்டும் கைவைக்க விடமாட்டார். என்னுடைய விளிம்புத் துண்டுகள் அவருடைய வரிசைக்கு ஒத்துவரவில்லை. குழிக்காரருக்கும் தாழிக்காரருக்கும் ஒரே மோஸ்தர்ச் சட்டிகள்தான் இருந்தன. சொன்னபோது, "இன்னும் தோண்டினால் சரியாகும்" என்றார். அவருக்கு எல்லாப் பிரச்சினைக்கும் அதுதான் மருந்து.

தோண்டினோம். கல் மூடித் தாழி ஒன்றின் பக்கத்தில், அதன் வயிற்றைக் கிழித்துக்கொண்டு ஒரு நீளக் குழி வந்தது. குழிக்குள் பெரிய எலும்புகள். மனித எலும்பு இல்லை. நீண்ட தாடை, நீண்ட கால்கள். பேராசிரியர் குழிக்குள் மண்டியிட்டு, தூரிகையால் பல்லை மெதுவாகத் துடைத்தார். எழும்பியபோது அவர் முகம் பெருநாள் காலையில் புதுச் சட்டை போட்ட ஆளின் முகம் போலிருந்தது.

"குதிரை" என்றார். "தலைவன் ஒருத்தனுக்குப் பலி கொடுத்த குதிரை. நங்கி, இது நான்காம் கட்டம்."

அன்றே தகரத்தில் நான்காவது வரி ஏறியது. மறுநாள் செய்திக்காரர் ஒருவர் கமெராவுடன் வந்தார். பிரதேச சபை உறுப்பினர் ஒருவரும் வந்தார். எல்லோரும் அவரை ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளைச் சட்டையும் அத்தர் வாசமுமாக இறங்கியவர், கூடவே வந்தவர்களுக்கெல்லாம் பெரிய தட்டைச் சுற்றியிருந்து தின்னும் பிரியாணி சகனும் கொண்டு வந்திருந்தார். எங்கள் ஊரில் சரித்திரமும் சாப்பாட்டோடுதான் நடக்கும்.

ஹாஜியாரையும் கமெராவையும் குழியின் விளிம்பில் நிறுத்திவிட்டு, பேராசிரியர் உள்ளே இறங்கி விளக்கம் சொல்லத் தொடங்கினார். அரசன், பலி, குதிரை, கடல் கடந்த வியாபாரம். பேசிக்கொண்டே கழுத்தெலும்புக்குக் கீழிருந்த மணலைத் தூரிகையால் தட்டிவிட்டார். நீலமாக ஏதோ தெரிந்தது. விரலால் இழுத்தார். வந்தது. இன்னும் இழுத்தார். இன்னும் வந்தது. நைலோன் கயிறு. முனையில் முடிச்சுக்கூட அவிழாமல் இருந்தது.

பேராசிரியர் கயிற்றைக் கையில் தொங்கவிட்டபடி நின்றார். ஹாஜியார்தான் முதலில் வாய் திறந்தார்.

"இது எங்கட வாப்பாட கழுத" என்றார்.

"கழுதையா?"

"ஓம் சேர். அந்தக் காலத்துல வாடியில இருந்து கருவாடு சுமந்தது இதுதான். மவுத்தானப்ப நான் ஓ லெவல் படிச்சிட்டிருந்தன். இந்தக் குழிய வெட்டினதே நான்தான்."

பேராசிரியர் கயிற்றைப் பார்த்தார். பிறகு ஹாஜியாரைப் பார்த்தார். "நீங்க வெட்டக்குள்ள பானை ஒண்டும் காணல்லையா?"

"கண்டன். பெரிய பானை. மம்பட்டி பட்டு ஒரு பக்கம் உடைஞ்சிச்சு." ஹாஜியார் தோளைக் குலுக்கினார். "பழைய பானைதானே எண்டு விட்டுட்டன்."

செய்திக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் கமெராவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ஹாஜியாரைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அந்த மனிதர் அழுதுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டையும் அத்தருமாக, சபையில் மேசையில் அடித்துக் கதைக்கிற ஆள், குழியைப் பார்த்துக்கொண்டு லேஞ்சியால் கண்ணைத் துடைத்தார்.

"என்ன அடிச்சாலும் அசையாது சேர், பிடிவாதம் பிடிச்சது" என்றார். "ஆனா நான் ஏறினா மட்டும் நடக்கும். திரும்ப மூடிடுவீங்கதானே?"

"மூடுறன்" என்றார் பேராசிரியர். "படம் கீறின உடனே மூடுறன்."

பிரியாணியை எல்லோரும் மிச்சம் வைக்காமல் தின்றோம். செய்தியில் மறுநாள் ஹாஜியாரின் முகமும், ஒரு பானையும், விலங்கு எச்சம் தொடர்பாக ஆய்வு நடக்கிறது என்ற ஒரு வரியும் வந்தன. பொய் என்று சொல்ல முடியாது.

அதே நாள் காலை, மூடுவதற்கு முன்னால், கழுதைக் குழியின் பக்கச் சுவரைச் சீவி நேராக்கிப் படம் கீற வேண்டியிருந்தது. எதைத் தோண்டினாலும் அப்படிச் செய்வதுதான் முறை. ஹாஜியார் சின்ன வயசில் கண்டபடி ஆழமாக வெட்டியிருந்தார். நாங்கள் அவ்வளவு ஆழத்துக்கு ஒரே வெட்டாக எங்கும் போனதில்லை. சுவர் சுத்தமானதும், கேக்கை வெட்டினதுபோல் மண் அடுக்குகள் தெரிந்தன. அடியில் ஒரு தாழி. அதன் தோளை வெட்டிக்கொண்டு, மேலிருந்து ஒரு வெறும் குழி இறங்கியிருந்தது. குழிக்குள் ஒரு மனிதனின் கால் எலும்பு.

நானும் பேராசிரியரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். முதலாம் கட்டத்து ஆள், இரண்டாம் கட்டத்துத் தாழியை வெட்டியிருக்கிறான். பேரன் பிறந்த பிறகு பாட்டன் பிறந்த மாதிரி.

பேராசிரியர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடித்து முடித்ததும் எழும்பிப் போய், தகரத்தில் இருந்த நாலு கட்டங்களையும் உள்ளங்கையால் அழித்தார். கை முழுக்க வெள்ளை.

"பட்டம் எடுத்த நாங்க ரெண்டு பேர், நங்கி" என்றார். "கண்டுபிடிச்சது கழுதை."

பிறகு, குழிகளில் கிடைத்த கரித் துண்டுகளைக் காலம் கணிக்க வெளிநாட்டுக்கு அனுப்பினோம். மழை வந்தது, கொட்டகையைக் கழற்றினோம். நான் பழையபடி போட்டோக் கொப்பி அடித்தேன். அடுத்த வருடம் பேராசிரியர் போனில் முடிவைச் சொன்னார். குழியும் தாழியும் ஒரே காலம். சில இடத்தில் அது முந்தி, சில இடத்தில் இது முந்தி. கல் மூடியும் அப்படித்தான். முன்னேற்றமும் இல்லை, ஒன்றும் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இருந்த ஆட்கள், அவரவர் வீட்டு வழக்கப்படியும் வசதிப்படியும் அடக்கியிருக்கிறார்கள். அவர் குரலில் கவலை இல்லை. புதிதாக ஏதோ கிடைத்த சந்தோசம் இருந்தது. அறிக்கையை அப்படியே எழுதினார். அடிக்குறிப்பில் கழுதை 'பிற்கால இடையூறு' என்ற பெயரில் இடம்பிடித்தது.

அந்த வருடம்தான் உம்மா வடக்கே முசலிக்குத் திரும்பிப் போக முடிவெடுத்தார். நாங்கள் அந்தப் பக்கத்து ஆட்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, யுத்தம் எங்களை அங்கிருந்து கிளப்பிக் கற்பிட்டி வீதியோரத்து ஓலைக் குடிசைகளில் கொண்டுவந்து போட்டது. வந்து சில மாதங்களில் காய்ச்சல் கண்டு வாப்பா மவுத்தானார். எனக்கு அவர் முகம் நினைவில்லை. இப்போது முசலியில் காணியைத் துப்புரவாக்கி, ஒரு சின்ன வீடும் எழும்பியிருந்தது. சாமான் கட்டிக்கொண்டிருந்த உம்மா, அலுமாரிக் கதவைப் பிடித்தபடி என்னைக் கேட்டார்.

"உன்ட படிப்பால வாப்பாட கபுரக் கண்டுபிடிக்க ஏலுமா?"

உம்மா அந்தக் கபுரை ஒருநாளும் கண்டதில்லை. அடக்கிய நேரம் அவர், கணவனை இழந்தவள் வீட்டைவிட்டு வெளியே வராத இத்தாவில் இருந்தார். பிறகும் கபுர்கள் இருக்கும் மையவாடிக்குள் பெண்கள் போகும் வழக்கம் இல்லை. அடக்கிவிட்டு வந்த என் மாமா, தலைமாட்டில் அடையாளமாக நடும் மீசானுக்குக் கல் கிடைக்காமல் ஓர் அம்மியை நட்டிருப்பதாக மட்டும் சொன்னாராம். மாமாவும் இப்போது இல்லை.

அளவு நாடா, சிறு கரண்டி, தலையில் வேலைத்தொப்பி எல்லாம் எடுத்துக்கொண்டு, உம்மாவையும் கூட்டிக்கொண்டு மையவாடிக்குப் போனேன். வாசலில் பள்ளி நிர்வாகி ஒருவர் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பொம்புளைங்க உள்ளுக்குப் போறதில்ல, தங்கச்சி."

"இது ஆய்வு" என்று பல்கலைக்கழக அட்டையைக் காட்டினேன். அது காலாவதியாகியிருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவங்க?"

"என்ட உதவியாளர்."

உம்மா அளவு நாடாவைக் கையில் எடுத்து, உதவியாளர் மாதிரி நின்றார். நிர்வாகி இரண்டு பேரையும் பார்த்தார். "கெதியா முடிங்க" என்று சொல்லி, பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

உள்ளே போனால் பேராசிரியரின் தகரம்தான் நினைவுக்கு வந்தது. மதிலோரத்தில் கறுப்புக் கிரனைட்டில் பெயர் வெட்டிய கபுர்கள். நடுவில் சீமெந்துக் கட்டு. கடல் பக்க மூலையில் வெறும் மணல், அங்கங்கே கடற்கல். நேராகப் பார்த்தால் மணல் முந்தி, சீமெந்து அடுத்தது, கிரனைட் கடைசி என்று மூன்று கட்டம் எழுதிவிடலாம். ஆனால் நான் ஒரு கழுதையிடம் பாடம் படித்தவள். மணல் மூலையிலேயே டைல்ஸ் பதித்த கபுர் ஒன்று கிடந்தது. கட்டாரில் இருந்து காசு அனுப்பிய மகன், பழைய வாப்பாவுக்குப் புது டைல்ஸ் போட்டிருக்கிறான். மறுபக்கம், போன மாதம் அடக்கிய ஓர் ஏழைக்கு ஒரு மரக்கட்டைதான். ஆகவே மேலே இருப்பதை விட்டுவிட்டு, எந்த வரிசை எந்த வரிசைக்கு இடம் விட்டு வளைந்து போகிறது என்று பார்த்தேன். அகதியாக வந்த காலத்து ஆட்கள் எல்லோரும் ஓரிடத்தில் நெருக்கமாகக் கிடந்தார்கள். முகாமில் இருந்த மாதிரியே.

அந்த இடத்தில் உம்மாவும் நானும் குந்தி, மேல் மணலை மட்டும் கையால் ஒதுக்கிக்கொண்டு போனோம். வெயில் உச்சிக்கு வந்தபோது கரண்டி ஒன்றில் தட்டியது. சாம்பல் நிறக் கல். ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. அம்மிதான். பாதி அம்மி.

உம்மா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். கையேந்தி துஆ கேட்டார். நான் எழும்பித் தள்ளிப் போனேன். என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கதோசத்தில் பக்கத்துக் கபுரின் மணலையும் ஒதுக்கினேன். அங்கேயும் ஒரு பாதி அம்மி இருந்தது.

உம்மாவின் துஆ நடுவில் நின்றது. எழும்பி வந்து பார்த்தார்.

"அல்லாவே" என்றார். "அவட மனிசனும் அதே கிழமதான் மவுத்து."

அவர் சொன்னது முகாமில் எங்களுக்குப் பக்கத்துக் குடிசையில் இருந்த பெண்ணை. நான் அவரை மாமி என்பேன். அம்மி அவருடையதுதானாம். தண்ணிக் குழாயடியில் நடந்த ஏதோ சண்டைக்குப் பிறகு, உம்மாவும் அவரும் பல வருடங்களாகப் பேசிக்கொள்வதில்லை. இத்தனைக்கும் இரண்டு பேருக்கும் வீடு ஒரே ஒழுங்கையில். உம்மா நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "போய்க் கூட்டிட்டு வா" என்றார். "நான் கூப்பிட்ட எண்டு சொல்லாத."

மாமி ஓட்டோவில் வந்தார். இரண்டாவது உதவியாளர் என்று சொன்னபோது நிர்வாகி பேப்பரைக் கீழே இறக்கவேயில்லை.

இரண்டு பாதிகளின் உடைந்த முகத்தையும் மாமிக்குக் காட்டினேன். ஒன்றுக்குள் ஒன்று சரியாகப் பொருந்தும் உடைசல். "ரெண்டும் ஒரே கல்லு மாமி" என்றேன்.

"அத நீ சொல்லியா எனக்குத் தெரியணும்? என்ட சீதன அம்மி."

"ஆனா எந்தப் பாதி யாருக்கு வச்சாங்க எண்டு தெரியல்ல. அத என்ட படிப்பால சொல்ல ஏலாது."

மாமி இரண்டு கபுரையும் மாறி மாறிப் பார்த்தார். முதலில் கிடைத்த பாதியைத் தடவினார். அது பெரியது, நடுவில் நன்றாக அரைத்து அரைத்துப் பள்ளம் விழுந்திருந்தது. மற்றது மூலைத் துண்டு.

"இது என்ட மனிசன்" என்றார். "அம்மி என்டது. நல்ல பாதிய எங்களுக்குத்தானே வச்சிருப்பாங்க."

நான் உம்மாவைப் பார்த்தேன். அரைமணி நேரம் அழுது துஆ கேட்டது அந்தக் கபுரில். உம்மா தலையை ஒருமுறை அசைத்தார்.

"ஓம்" என்றார். "அது ஞாயம்."

எழும்பிப் போய், மூலைத் துண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து துஆ கேட்கத் தொடங்கினார். மாமியும் தன் பக்கத்தில் இருந்து கேட்டார். முடிந்த பிறகு இருவரும் இடம் மாறி, மற்றக் கபுரிலும் ஓதினார்கள். யாரும் யாரையும் செய்யச் சொல்லவில்லை. நான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்தது. யாருக்காக என்று சரியாகத் தெரியவில்லை, அநேகமாக இரண்டு பேருக்கும்தான்.

வெளியே வரும் வழியில் மாமி சட்டென்று நின்றார்.

"அப்ப குழவி எங்க?"

உம்மா முந்தானையைச் சரிசெய்தார். "எங்கட குசினியில."

"இத்தன வருசமா?"

"இத்தன வருசமா."

"நல்லா அரைபடுதா?"

"படுது."

ஓட்டோவில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

முசலிக்கு லொறி ஏறுகிற அன்று காலையில், உம்மா குழவியைக் கழுவி, துடைத்து, ஒரு ஷொப்பிங் பேக்கில் போட்டு என்னிடம் கொடுத்து அனுப்பினார். மாமி பேக்கைத் திறந்து பார்த்தார். குழவியைக் கையில் எடுத்து எடை பார்த்தார். பிறகு பழையபடி பேக்குக்குள் வைத்து என் கையிலேயே தந்தார்.

"எனக்கு மகன் கிரைண்டர் வாங்கித் தந்திருக்கான்" என்றார். "அந்தப் பக்கம் இன்னும் கரண்ட் வரல்லையாமே. உங்கும்மாவ வச்சிக்கச் சொல்லு."